நூற்றுக்குள் வந்தால் டிக்கெட்

1

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் தாரணி, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பிரையன், பிரையனுடைய கிழட்டு நாய். ஆடுகளும் இருந்தன, அவற்றை எண்ணவில்லை. என் மனைவி கலைச்செல்வி இல்லை. திதிப்படி அவள் இறந்து அன்றோடு ஒரு வருஷம்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொல்லலாம் என்று தள்ளிவைத்தால் தள்ளிக்கொண்டே போவேன். எழுத வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

எழுத வந்தது இதுதான். அன்றைக்கு நான் கோல்ஃப் ஆட்டத்தை முதல் முறையாக நூறு அடிகளுக்குள் முடித்தேன்.

விருத்தாசலத்தில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. செராமிக் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கோல்ஃப் ஆடுகிறானாம். என் மச்சான் முருகன், கலையின் தம்பி, முதன்முதலில் கேள்விப்பட்டபோது போனில் அடித்த கிண்டல் இன்னும் மறக்கவில்லை.

"இன்னா மாமா, நீங்களும் மினிஸ்டரு மாதிரி தொப்பி போட்டுக்கினு பேட்டரி வண்டியில போறீங்களா?"

பேட்டரி வண்டியும் இல்லை, மினிஸ்டரும் இல்லை. நான் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு பெட்ரோல் பங்க், நான் சமையல் வேலை பார்க்கும் இந்தியச் சாப்பாட்டுக் கடை, அதைத் தாண்டினால் மேய்ச்சல் நிலம். இங்கே கோல்ஃப் ஆட்டுக்காரர்களின் விளையாட்டு. புல்லை வெட்டுவதே ஆடுகள்தான். குழி இருக்கிற இடத்தில் மட்டும் ஆடு மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் கம்பி கட்டியிருப்பார்கள். ஒன்பது குழிகள்தான் உண்டு. இரண்டு சுற்று ஆடி அதைப் பதினெட்டு ஆக்கிக்கொள்ள வேண்டும்.

வாசலில் ஆள் கிடையாது. சுவரில் ஒரு தகரப் பெட்டி. ஆட வருகிறவர்கள் அதில் பணத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியது. முதல் நாள் கலை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டாங்களா இல்லியான்னு யாரு மாமா பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்களாம்."

"அப்ப எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பைத்தியக்காரங்க" என்றாள். சொல்லிவிட்டு எங்கள் பணத்தை இரண்டு முறை எண்ணிப் போட்டாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குறைவாக அடித்தவன்தான் நல்லவன். பந்தைக் குழிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை அடி ஆயிற்று என்பதே கணக்கு. பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து, தேர்ந்தவர்கள் எழுபத்துச் சொச்சத்தில் முடிப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு நூற்று இருபது ஆகும், முப்பதும் ஆகும். நூற்றுக்குள் வருவது, அதாவது தொண்ணூற்றொன்பதிலோ அதற்குக் கீழோ முடிப்பது, ஒரு வாசற்படி. இன்னொன்று, பந்தை அடிக்க மட்டையை வீசி, அது பந்தில் படாமல் காற்றில் போனாலும் அது ஓர் அடிதான். கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் கவலைப்படுகிற ஆள். கேஸை மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். விசா புதுப்பிக்கிற காலத்தில் தபால் வண்டியின் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். இங்கே வந்த புதிதில் நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனேன். எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவையும் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "ஆல்" என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டு, தினமும் நடக்கச் சொன்னார்.

பிரையன் எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சாப்பாடு வாங்க வருகிறவர். நடக்கத்தானே வேண்டும், எங்களோடு மைதானத்துக்கு வா என்று கூப்பிட்டார். பழைய மட்டைகள் ஏழெட்டையும் ஒரு தள்ளுவண்டியையும் அவரே கொடுத்தார். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கலை முதியோர் இல்லத்தில் துணி துவைத்து மடிக்கிற வேலை பார்த்தாள், அவளுக்கும் திங்கள்தான் லீவு.

"நானும் வரன்" என்றாள். "ஒன்னத் தனியா வுட்டா பாதி வழியில கேஸ மூடுனனான்னு திரும்பி வந்துடுவ."

அவள் எனக்கு அத்தை மகள். நாலு பேர் முன்னால் "வாங்க மாமா, போங்க மாமா" என்று மரியாதையாகப் பேசுவாள். ஆடுகள் முன்னால் நீ, வா, போதான்.

எண்ணுவது அவள் வேலையாயிற்று. அவள் எண்ணுகிற விதம் செராமிக்கில் பழகியது. கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் அங்கே பீங்கான் சாமான்களைப் பலகையில் அடுக்குகிற வேலை பார்த்தாள். எத்தனை பலகை என்பதை வைத்துத்தான் சனிக்கிழமை கூலி. ஒரு பலகை நிறைந்தால் உடைந்த பீங்கான் சில்லு ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். சாயந்தரம் மடியை அவிழ்த்து எண்ணினால் கணக்கு. ஒரு நாளும் தப்பியதில்லை.

இங்கே சில்லுக்குப் பதில் பொட்டுக்கடலை. அவளுக்கென்று ஒரு பச்சைக் கோட்டு இருந்தது. சேறு படுமென்று மைதானத்துக்கு மட்டும்தான் அதைப் போடுவாள். இடது பாக்கெட் நிறைய பொட்டுக்கடலை. நான் ஓர் அடி அடித்தால் இடதிலிருந்து ஒரு கடலையை எடுத்து வலது பாக்கெட்டில் போடுவாள். பந்து குழியில் விழுந்ததும் வலது பாக்கெட்டில் இருப்பதை எண்ணி அட்டையில் எழுதுவாள். எழுதியதும் அவற்றை வாயில் போட்டுக்கொள்வாள். அடுத்த குழிக்கு வலது பாக்கெட் காலியாக இருக்கும்.

"நீ நெறைய அடிச்சா எனக்கு நெறைய கடலை மாமா. யாருக்கு நஷ்டம்?" என்பாள்.

பிரையனுக்கும் கொடுப்பாள். அவர் அதைக் கோழித் தீவனம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கை நீட்டுவார்.

3

கலையின் அம்மா வீடு கம்மாபுரம் பக்கம். அந்த ஊரில் நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போகப் போகிறது என்று ரொம்ப நாளாகப் பேச்சு. ஒரு நாள் முருகன் போன் செய்தான்.

"அக்கா, வூட்ட அளந்துட்டுப் போயிட்டாங்க. செவுத்துல செவப்பு மையில நம்பரு போட்டிருக்குது. எப்ப இடிப்பாங்கன்னு ஒண்ணும் தெரியல. அம்மா நவர மாட்டேங்குது."

கலை ஊருக்குப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வூட்டுல ஒரு ராத்திரி அம்மா பக்கத்துல படுத்துட்டு வந்துடறன் மாமா. வேற ஒண்ணும் வாணாம்."

எனக்குக் காரணங்கள் இருந்தன. கடை முதலாளி லீவு தரமாட்டார். குடியுரிமை விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, அந்த நேரம் பார்த்து ஏதாவது கேட்டுக் கடிதம் போட்டால் யார் பதில் சொல்வது? தாரணிக்குக் கடைசி வருஷப் படிப்பு. எல்லாம் உண்மைதான். அந்த உண்மைகள் தீர்ந்தால் நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் போனில் டிக்கெட் விலை பார்ப்பேன். வாங்குவதற்கு இல்லை, கவலைப்படுவதற்கு.

இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, நான் நூற்றுப் பதினொன்று அடித்து முடித்த அன்று, அட்டையை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"மாமா, ஒனக்கு நாள் குறிக்கத் தெரியாது. நான் குறிக்கிறன். நீ என்னைக்கு நூத்துக்குள்ள வரியோ அன்னைக்கு டிக்கெட்டு போடற. மறுபேச்சு கூடாது."

"வரலன்னா?"

"வருவ. ஆயுசுக்கும் நூத்திப் பத்தே அடிச்சிக்கினு இருப்பியா?"

ஒப்புக்கொண்டேன். நாள் குறிக்கிற பாரம் என் தலையிலிருந்து இறங்கியதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் அவள் என் ஆட்டத்தைப் பார்த்த விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு அடியும் அவளுக்கு விமானம். பந்து முன்னால் இருக்கிற ஓடையில் விழுந்தால், "போச்சு, சிங்கப்பூருலயே எறக்கி வுட்டுட்டான்." கம்பிக்குப் பக்கம் வந்து நின்றால், "மெட்ராஸ் வந்துட்டுது, பஸ்ஸப் புடி." நான் ரொம்பக் குனிந்தால், "சூளைக்குள்ள பூர்றவன் மாதிரி குனியாத மாமா, நிமுந்து நில்லு." பந்து உருண்டு குழிக்குள் டொக்கென்று விழும்போது கையை உயர்த்தி, ரயில்வே அறிவிப்புக் குரலில் சொல்வாள், "விருத்தாசலம் ஜங்ஷன்!"

பிரையனுக்கு அது ஏதோ இந்திய மந்திரம் என்று நினைப்பு. அவரும் பழகிக்கொண்டு, தன் பந்து விழும்போதெல்லாம் "ஜங்ஷன்" என்பார்.

4

நூற்று எட்டு, நூற்று ஐந்து, நூற்று மூன்று என்று இறங்கினேன். இதற்குத் திறமை காரணமில்லை. அவள் ஒருத்தி அப்படிக் கூடவே வரும்போது கண்டபடி அடிக்க மனம் வராது.

இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை. பிரையன் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். அன்று எனக்கு எல்லாம் நேராகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் நாலாவது குழியில் மட்டும் பந்து ஒரு பெரிய மரத்தடியில், வேருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கிளை இடித்தது. மட்டையை வீசினேன், பந்தில் படவே இல்லை. கலை அப்போது எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள். மறுபடி அடித்தேன், போயிற்று.

கடைசிக் குழி முடிந்ததும் தகரப் பெட்டிக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து கூட்டினாள். உதடு அசைந்தது. மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். பிறகு எழுந்து நின்றுவிட்டாள்.

"தொண்ணூத்தி ஒம்பது! மாமா, தொண்ணூத்தி ஒம்பது!"

ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அவள் போனை எடுத்து முருகனுக்குப் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டாள். "தம்பி, அம்மாகிட்ட சொல்லு, நான் வரன்டா..."

நான் கேட்டேன். "கலை, நாலாவது குழியில, அந்த மரத்தடியில ஒண்ணு காத்துல வீசினனே. அதச் சேத்தியா?"

அவள் போனைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் வருகிற ஆள் யாரென்று தெரியாதபோது பார்ப்போமே, அப்படி. பிறகு உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, நாலாவது குழிக்கு நேரே இருந்த ஆறை அடித்து ஏழாக்கினாள்.

"சேத்தாச்சு" என்றாள். நூறு.

எனக்கு அப்போது பட்டதைச் சொல்லிவிடுகிறேன். யோக்கியனாக இருக்கவேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பயத்தில் கேட்டேன். பொய்க் கணக்கில் கிளம்பிப் போனால் அந்த விமானத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். அவள் தனியாக அதில் உட்கார்ந்திருப்பாளே என்று.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது அவளே பேசினாள்.

"ஒண்ணுதான மாமா. அடுத்த திங்கக்கெழம பாத்துக்கலாம்."

அடுத்த திங்கள் மழை. அதற்கடுத்த திங்கள், மைதானம் சேறாகக் கிடக்கிறது என்று வாசலில் பலகை தொங்கியது. அந்த வாரம் வியாழக்கிழமை, வேலை இடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறதென்று நாற்காலியில் உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கூட வேலை பார்த்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, கலை கடைசியாக உங்கள் மொழியில் ஏதோ சொன்னாள் என்றாள். அதைத் திருப்பிச் சொல்லிக்காட்ட முயன்றாள், பாவம். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

5

அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக நான்கு காகிதங்கள் வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்று, எரியூட்டிய சான்று, பெட்டிக்குள் சாம்பலைத் தவிர ஒன்றுமில்லை என்று ஒரு கடிதம், தூதரகத்தின் அனுமதி. நான்கிலும் அவள் பெயரை நான்கு விதமாக இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். இதை வைத்து விமான நிலையத்தில் இது யார், அது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

நான்தான் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "இவங்களுக்கு டிக்கெட் வேணுமா?"

அவள் முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். வேண்டாம் சார், உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகிற விமானத்தில் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. மடியில் வைத்துக் கை மரத்துப்போனதால் பையை அந்த சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டேன். அப்போதிருந்து இன்னொரு கவலை. இந்த சீட்டுக்கு டிக்கெட் எங்கே என்று யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்று. டீ வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண் பையைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், என் கப்பில் மட்டும் ஊற்றிவிட்டுப் போனாள்.

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. முருகன் மணலில் முழங்கை ஆழம் தோண்டினான், கொஞ்சம் ஊறியது. அதில் கரைத்தோம்.

குளித்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். வீடு நின்றுகொண்டிருந்தது. சுவரில் சிவப்பு நம்பர், வாசலில் உலரப்போட்ட உளுந்து, எல்லாம் அப்படியே. இந்த வீட்டுக்குத்தான் அவசரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அத்தை என்னை உட்காரச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஆட்டத்துல மாமா ஜெயிச்சிட்டா வந்துடறம்மான்னு சொல்லிக்கினே இருந்தா மாப்ள. நீ ஜெயிக்கவே இல்லியா?"

"ஒண்ணுல போச்சுங்க அத்த" என்றேன்.

அன்று இரவு அந்த வீட்டில் அத்தைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். கலை கேட்டிருந்தது அவ்வளவுதான்.

6

அதற்குப் பிறகு பிரையன் வந்து இழுத்துக்கொண்டு போகிற நாட்களில் மட்டும் ஆடினேன். நூற்றைப் பற்றி நினைக்கவில்லை. அட்டையில் எழுதவும் இல்லை.

முதல் வருஷத் தெவசத்துக்குத் தாரணி ஆக்லாந்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு அங்கே இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஒன்பது வயதில் இங்கே வந்தவள், தமிழ் பேசுவாள், ஆனால் நீயும் நீங்களும் கலந்து வரும். "அப்பா, நீ சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். கலை திருத்துவாள், நான் திருத்துவதில்லை. அவள் கேட்பதே எனக்குப் போதும். விருத்தாசலத்தை அவள் "உங்க ஊர்" என்றுதான் சொல்வாள். அதையும் திருத்தியதில்லை.

காலையில் கலையின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். சேமியா பாயசம் அவளுக்குப் பிடிக்கும். காக்கைக்கு வைக்க வேண்டும், இங்கே ஏது காக்கை? கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தாரணி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள்.

"மண்டே தானே அப்பா. கோல்ஃப் போலாம். வீட்ல உக்காந்தா நீங்க கேஸையே பாத்துட்டு இருப்பீங்க."

கிளம்பும்போது குளிராக இருந்தது. அவள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பச்சைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நூறு அடித்த அன்று கலை கழற்றி மாட்டியது. அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டதில்லை.

பிரையன் எங்களோடு சேர்ந்துகொண்டார். என் அட்டையைத் தாரணி வாங்கிக்கொண்டாள். அம்மா எப்படி எண்ணுவாள் என்று அவளுக்குத் தெரியாது, அவள் அதுவரை ஒரு நாள்கூட மைதானத்துக்கு வந்ததில்லை. போனிலேயே எண்ணிக்கொண்டாள். முதல் சுற்று ஐம்பதில் முடிந்தது. பிரையன் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். இது பாதி வழியில் பேசுகிற விஷயமில்லை.

இரண்டாவது சுற்று, நாலாவது குழி. அதே மரம். இந்த முறை பந்து மரத்துக்கு வெளியேதான் நின்றது. நான் அடிக்கத் தயாராகி நிற்கிறேன், கம்பி ஓரத்திலிருந்து தாரணியின் குரல்.

"அப்பா, இது என்ன, பாக்கெட்ல பொட்டுக்கடலை இருக்கு. ஓ மை காட், இட்ஸ் ஸோ ஓல்ட்."

திரும்பினேன். அவள் உள்ளங்கையைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டிருந்தாள். ஓர் ஆடு அதை நக்கி முடித்துவிட்டு, இன்னும் உண்டா என்று பார்த்தது.

"எந்தப் பாக்கெட்டு?" என்றேன்.

"என்னப்பா?"

"எந்தப் பாக்கெட்டுல இருந்து எடுத்த? சோத்துக்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா?"

"தெரியலப்பா. ரெண்டுலயும் கை விட்டேன். ஏன்?"

இடது பாக்கெட்டில் இருந்திருந்தால் அது மிச்சக் கடலை, அர்த்தமில்லை. வலது பாக்கெட்டில் ஒன்றே ஒன்று கிடந்திருந்தாலும் கதை வேறு. அன்று நான் காற்றில் வீசியதைக் கலை பார்த்திருக்கிறாள், கடலையை மாற்றிப் போட்டிருக்கிறாள், எழுதும்போது ஒன்றை வேண்டுமென்றே கையில் எடுக்காமல் விட்டிருக்கிறாள். எட்டு வருஷம் சில்லு எண்ணித் தப்பாதவள், ஏழு வருஷம் அம்மாவைப் பார்க்காதவள், ஒரே ஒரு தரம். அதைத்தான் நான் வாயைத் திறந்து கேட்டுத் தட்டிப் பறித்தேனா? இல்லை, அவள் உண்மையிலேயே பார்க்கவில்லையா?

அந்த ஆட்டுக்குத் தெரியும். அது மென்றுகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் எப்படி ஆடினேன் என்று எனக்கே தெரியாது. பந்து போயிற்று, பின்னாலேயே நடந்தேன், அடித்தேன், மறுபடி போயிற்று. பயப்படுவதற்கு மனதில் இடமில்லை. ஓடையைத் தாண்டியது. சிங்கப்பூர் தாண்டியது என்று சொல்ல ஆளில்லை. கடைசிக் குழியில் பந்து மெதுவாக உருண்டு, விளிம்பில் ஒரு நொடி யோசித்து, உள்ளே விழுந்தது.

டொக்.

நாங்கள் மூவரும் எதற்கோ காத்திருப்பதுபோல் நின்றோம். பிறகு பிரையன் தொப்பியைக் கழற்றினார். குழியைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "ஜங்ஷன்" என்றார்.

7

தொண்ணூற்றெட்டு. பிரையனும் தனியாக எண்ணியிருந்தார், அதே எண். நான் அவரை மூன்று முறை கூட்டச் சொன்னேன். எங்காவது ஒன்று விட்டுப்போயிருந்தாலும் தொண்ணூற்றொன்பது. அந்த ஒன்று இன்றைக்குக் கையில் உபரியாக இருந்தது.

பிரையன் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு போனார். தகரப் பெட்டிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து தாரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பந்தயம், மரத்தடி, ஆறு, ஏழு, பாக்கெட். அவளுக்கு ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை ஜாலியாக நடக்கப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

ரொம்ப நேரம் கோட்டின் இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். தூள்தான் வந்தது.

"ஏன்ப்பா கேட்டீங்க?"

"பயம்மா."

"எதுக்குப் பயம்?"

"பிளேனுக்கு."

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், அம்மாவைப் போலத் தலையைப் பின்னால் போட்டு. சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா வேணும்னேதான் விட்டிருப்பாங்க. எனக்கு அப்படித்தான் வேணும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பரவால்லப்பா. அம்மாதான் கடைசில உங்க ஊருக்குப் போய்ட்டாங்களே" என்றாள்.

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். மறுநாள் காலை ஆக்லாந்து விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். கோட்டைத் துவைத்துத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அவள் சொன்னதை அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கலை போனது உண்மைதான். ஆனால் அது என் கைப்பையில், காலி சீட்டில், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் பயந்துகொண்டே கூட்டிப்போன பயணம். அதற்கு டிக்கெட் இல்லை. பந்தயம் டிக்கெட்டுக்கு. வைத்தவள் அவள், ஒப்புக்கொண்டவன் நான், நூற்றுக்குள் வந்தாயிற்று. மறுபேச்சு கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து தொண்ணூத்தி ஒம்பது என்று கத்திய அன்றைக்கு என்ன விலை என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் ஞாயிறு, வழக்கம்போலப் பார்த்து வைத்திருந்தேன். கலைச்செல்விக்கு நான் இன்னும் தர வேண்டியது, ஓர் ஆள், சென்னைக்குப் போக வர, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.